கீறல் விழுந்த லென்ஸில் அக்கா

1974 பங்குனியில் சுருளி அருவிப் பாறையில் விழுந்து, என் கேமராவின் லென்ஸ் முழுக்கக் கீறலாகிவிட்டது. பழுது பார்ப்பது வீண் என்று நினைத்தேன். அந்த வாரம் போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அக்காவின் படம் கேட்டிருந்தார்கள். படம் எப்படி விழுகிறது பார்ப்போம் என்று அதிலேயே எடுத்தேன். அக்கா முகத்து அம்மைத் தழும்புகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. பனிமூட்டத்தில் நிற்பவள்போல் அழகாக இருந்தாள்.

“லென்ஸ் இப்படியே இருக்கட்டும்க்கா. இதையே அனுப்பிருவோம்.”

அக்கா சிரித்தாள். “ஏலே, யார்றா இவ? அவுகளுக்கு இவளையே கட்டிக்கொடு. நான் போகணும்னா லென்ஸைச் சரிபண்ணிட்டு வந்து எடு.”

மதுரைக்குப் போய் முன்கண்ணாடியை மாற்றி வந்தேன். தழும்புகள் தெளிவாக விழுந்த படத்தைத்தான் அனுப்பினோம். பதில் வரும்வரை எனக்குத்தான் தூக்கமில்லை.

அவர்கள் பெண் பார்க்க வந்தபோது யாரும் திகைக்கவில்லை. அக்காவும் தலை குனியவில்லை. அந்த லென்ஸைச் சரிசெய்தது வீண் என்று பிறகு ஒருநாளும் நான் நினைத்ததில்லை.