ஞானதுரை நீட்டிய பஸ் சாவி

டிரைவர் ஞானதுரை போய்விட்டான்.

நேற்றுக் காலை பழைய பஸ் ஷெட்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. கும்பிடுகிற கையை அனுப்பப் போய், கண்ணாடி போடாத குறையில், கட்டைவிரலைத் தூக்குகிற படத்தை அனுப்பிவிட்டேன். மகள் பதறி அதை அழிப்பதற்குள் நாலைந்து பேர் பார்த்தாகிவிட்டது...

அவன் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பான்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலி – ஆழ்வார்திருநகரி ரூட்டில் ஒரு தனியார் பஸ். அவன் டிரைவர், நான் கண்டக்டர். நான் விசில் அடிப்பதை வைத்தே, வீட்டில் எனக்குக் காலைச் சாப்பாடு கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிடுவான்.

பிறகு முதலாளி என்னைச் செக்கர் ஆக்கினார். எதற்கு என்று இன்றுவரை தெரியாது. ஷெட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான், அதுவாக இருக்கலாம். அதையும் இரண்டாவது தாவலில்தான் தாண்டினேன்.

செக்கர் என்றால் வழியில் எங்காவது நின்று, திடீரென்று ஏறி, டிக்கெட்டைப் பார்க்கிற ஆள். அவன் முதலாளியிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் ஒருத்தன் வேலை போய்விடும். அந்த வார்த்தைக்கு அதுவரை பயந்துகொண்டிருந்தவன் நான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வழியில் செக்கரைப் பார்த்துவிட்டால், எதிரே வருகிற நம் கம்பெனி வண்டிக்குக் கையை வெளியே நீட்டி ஒரு சுழற்றுச் சுழற்றிக் காட்ட வேண்டும். உஷார் என்று அர்த்தம்.

செக்கரான முதல் நாள். ஞானதுரை வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நம்ம வண்டி... என் கை தன்பாட்டில் ஜன்னலுக்கு வெளியே போய்ச் சுழன்றது.

"செக்கரே நீருதான் சார்வாள். உம்மையே காட்டிக் குடுக்கீரே" என்றான் ஞானதுரை.

பஸ்ஸே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த 'சார்வாள்' அன்றுதான் புதிதாக வந்தது. முந்தின நாள்வரை நான் அவனுக்கு 'ஏலே சங்கரா'.

அதற்கப்புறம் டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். பெஞ்சில் இடம் இருக்காது. டீயை வாங்கி நின்றபடியே நாக்கைச் சுட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

"கண்டக்டர் வேலையவே திருப்பிக் கேட்டுரலாமான்னு பாக்கேன். பயலுவ மூஞ்சியப் பாத்தாலே பயமா இருக்கு" என்று வீட்டில் சொன்னேன்.

"பயப்படுத ஆளுக்கு இஸ்திரிச் சட்டை எதுக்குங்கேன்" என்றபடி சட்டையை நீட்டினாள் என் மனைவி.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாத மழை. ஆற்றில் வெள்ளம் ஏறிவிட்டால், வழியில் இருக்கிற ஓடைத் தண்ணீர் போக இடமில்லாமல் தரைப்பாலத்துக்கு மேலே ஓடும். அன்று மதியம் அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஞானதுரையின் வண்டி ஆட்களோடு நிற்கிறது. செக்கர் நானும் நிற்கிறேன்.

பாலத்து ஓரக் கல் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சற்று முன்புதான் அடுத்த கம்பெனி வண்டி ஒன்று கடந்து போயிருந்தது.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அடுத்தவன் வண்டி போகுது, நம்ம வண்டி மட்டும் நிக்குதோ? எடுக்க மாட்டேங்கானா? அப்படின்னா அவன் நாளைக்கு ஷெட்டுப் பக்கம் வராண்டாம்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். எடு என்றால் உள்ளே இத்தனை பேர். அவன் மாட்டேன் என்றால் அவன் வேலை. தாமிரபரணிக் கரையில் பிறந்தும் நீச்சல் தெரியாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன், அந்தத் தண்ணீரைப் பார்க்கவே முடியவில்லை.

"டயருகூட முங்கல வே. பைய உருட்டிக் கொண்டு போயிரலாம்" என்று உள்ளே இருந்து ஒருவர் சத்தம் கொடுத்தார்.

ஞானதுரை என்ஜினை அணைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "மொதலாளி என்ன சொன்னாரு சார்வாள்?"

"போகாண்டாம்" என்றேன்.

"அவரு சொன்னாரா?"

"நான் சொல்லுதேன். யாரு கேட்டாலும் செக்கரு போகாண்டாம்னுட்டான்னு சொல்லும்."

அவன் என்ஜினை அணைத்தான். இறங்கி வந்து சாவியை நீட்டினான். டிரைவர் செக்கர் கையில் சாவியைக் கொடுக்கிற வழக்கம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

"இனி என்னைய எடுன்னு எவனும் சொல்ல முடியாதுல்லா. சாவி உம்மகிட்ட."

சாவி வளையத்தில் ஒரு சின்ன அலுமினியச் சிலுவை தொங்கும். அது கிலுகிலுத்தது. வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. நம் வண்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் இறங்கிப் பின்னால் வந்த இன்னொரு வண்டியில் ஏறினார்கள். அது நடுப்பாலத்துக்குப் போனபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அக்கரையிலிருந்து எங்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்...

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. பாலம் பாலமாகவே இருந்தது. முதலாளி என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுதினால் பேஸ்புக்காரன் கணக்கை முடக்கிவிடுவான். ஆனால் ஞானதுரையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் டீக்கடை. வழக்கம்போல ஓரமாக நின்றேன். அவன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

"ஏலே சங்கரா, நிக்கியே, காலு வலிக்கலயா? உக்காருலே."

மற்றவர்களும் நகர்ந்தார்கள். அன்றைக்குத்தான் டீயை ஆற்றிக் குடித்தேன். அதற்காக, வழியில் என்னைப் பார்த்தால் எதிர் வண்டிக்குக் கை சுழற்றுவதை எவனும் விடவில்லை. அது வேறு, இது வேறு.

இன்று மதியம் பாளையங்கோட்டையில் அடக்கம். அவன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா எப்பவும் சொல்லுவாவ மாமா. அன்னைக்குப் பயந்து நடுங்கிக்கிட்டே நின்னியளாம், சாவி உங்க கையில கிலுகிலுன்னு ஆடுச்சாம். அப்பாவுக்குத்தான் பயம்னா என்னன்னே தெரியாதே."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். "ஆமாப்பா" என்றேன் நானும்.

பைய போ லே ஞானதுரை. ரோடு காலியாத்தான் கிடக்கு.

உன் மகனிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை... சிலுவை கிலுகிலுத்தபோது, சாவி இன்னும் உன் கையில்தான் இருந்தது, என் கைக்கு வந்து சேரவில்லை.