புளி போட்டுத் தேய்த்த காசும் ஒற்றை ஸ்டாரும்

வேங்கிக்கால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் பழங்காசு விற்கிறேன். இன்று ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டு, "போலிக் காசு, ஏமாற்றுக்காரி" என்று எழுதியிருந்தார்.

உடனே போன் செய்தேன். "எதை வச்சு போலின்னு சொல்றீங்க சார்?"

"கறுப்பா இருந்துச்சும்மா. புளி போட்டு ஸ்க்ரப்பர்ல தேச்சேன், எழுத்தே போயிடுச்சு."

நூறு வருடத்துச் செப்புக் காசு. அந்தக் கறுப்புதான் அதன் பழமைக்கு அடையாளம்; தேய்த்தால் மதிப்பே போய்விடும்.

"பாதிப் பணம் திருப்பிக் குடுங்க, அஞ்சு ஸ்டாரா மாத்திடறேன்."

"ஒரு பைசா தரமாட்டேன். அந்த ஒரு ஸ்டார் அப்படியே இருக்கட்டும்."

அனுப்பும் முன் எடுத்த படத்தையும், தேய்த்ததாக அவரே சொன்னதையும் அவர் கருத்துக்குக் கீழேயே போட்டுவிட்டேன்.

இனி என் கடைப் பக்கத்தின் முதல் வரி: "காசைக் கழுவுகிறவர்களுக்கு விற்பதில்லை."

ஜாஸ்தியா பேசிட்டேனா? சொல்லுங்க. ஆனால் எழுதியதை அழிக்கமாட்டேன்.