காகிதப் பூமரம்

ஜப்பான்காரன் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில், காஜா பேராங் பள்ளிக்கூடத்தில் திக்குவாய்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தந்த டீச்சரை எனக்கு அறவே பிடிக்காது. ஒட்டடைக்குச்சி உடம்பு. சொல் தடுமாறினால், மரவள்ளிப் பசை காய்ந்த விரலால் உதட்டில் சுண்டுவார்.

ஜப்பானிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், வசந்தமே இல்லாத ஊரில் வசந்த விழாவுக்காகப் பயிற்சி அறை முழுக்கக் காகிதப் பூ ஒட்டினார். ஜப்பானியப் பாட்டை ஒரு மாதம் மனப்பாடம் செய்திருந்த என்னைப் பூங்கிளைகளுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"நா... நானும் பாடுறேன், டீச்சர்."

"நீ மரம்டா. மரம் பாடுமா? வாயத் தொறந்தே, தோல உரிச்சிருவேன்!"

பாடியவர்களில், நன்றாகப் பேசும் பையனே ஒரு சொல்லில் தடுமாறினான். அதிகாரி விட்ட அறையில் அவன் காதில் ரத்தம் வந்தது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. மரத்தை யாரும் தொடவில்லை.

என் காதுகள் இரண்டும் இன்றும் நன்றாகக் கேட்கின்றன. ஆனாலும் அவரை மன்னிக்க மனம் வரவில்லை.