ஏழாம் மாதத்துக் கிரகணம்

என் மகள் உதடு பிளந்து பிறந்தாள். கடலூரில்தான் பிரசவம். குழந்தையைப் பார்த்ததும் என் மாமியார் அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கே சொன்னனே, கேட்டியா?" என்றார்.

எந்த நாளைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது கிரகணம் வந்தது. கர்ப்பிணி வெளியே வரக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது என்று அத்தை கதவைச் சாத்தினார். கல்லூரி நாளிலிருந்தே எனக்குச் சாமி, பேய், சகுனம் எதிலும் நம்பிக்கையில்லை. கதவைத் திறந்து வைத்து, அவர் கண்ணெதிரிலேயே கத்தரிக்காய் நறுக்கிக் குழம்பு வைத்தேன்.

"கத்திக்கும் உதட்டுக்கும் என்ன சம்பந்தம் அத்த?" என்று கேட்டேன்.

"சம்பந்தந்தான் ஒன் மடியில கெடக்குதே."

சுருக்கென்று குத்தியது. பால் உறிஞ்ச முடியாமல் குழந்தை திணறும்போதெல்லாம், 'ஒருவேளை...' என்று என் மனமும் தடுமாறியது. துக்கத்தில் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறுவை சிகிச்சைக்குச் சிதம்பரம் போனோம்; அத்தையும் கூட வந்தார். பக்கத்துக் கட்டிலில் புவனகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் பையனுக்கும் அதே பிளவு, இன்னும் ஆழமாக. அவளுக்கும் ஏழாம் மாதத்தில் அதே கிரகணம்.

"நான் வெளியவே வர்லக்கா. ஜன்னல்லாம் சாத்திட்டு அசையாம படுத்துருந்தேன். தண்ணிகூட குடிக்கல."

"அப்ப உன்ன யாரும் ஒண்ணும் சொல்லலல்ல?"

"சொல்லாம? சந்துல வெளிச்சம் பட்டுருக்கும், நீ பொரண்டு படுத்துருப்பன்றாங்க. பொரண்டனோன்னு நானும் யோசிச்சிக்கினே இருக்கேன்."

எனக்குக் கொதித்தது. மீறினாலும் குற்றம், மீறாவிட்டாலும் குற்றம். என்ன நடந்தாலும் தன்னையே சரியென்று காட்டிக்கொள்ளும் நம்பிக்கையை எதைக் காட்டிப் பொய்யாக்குவது? அவள் பையனைக் காட்டி நான் ஜெயிக்கவும் விரும்பவில்லை. ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. என் மகள் நன்றாகப் பிறந்திருந்தாலும் அப்படித்தான்.

மறுநாள் டாக்டர் வந்தபோது, எல்லோர் காதிலும் விழட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன். "ஏழாம் மாசத்துக் கிரகணத்தால இப்பிடி ஆவுமா டாக்டர்?"

"ஆவாதும்மா. வயித்துல மூணு மாசத்துக்குள்ளயே உதடு கூடிடும். கூடலன்னா அப்பவே கூடாததுதான்."

"அப்ப எதனால சார் வருது?" என்றார் அத்தை.

"பல காரணம் இருக்கலாம். ஒங்க கொழந்தைக்கு இதுதான்னு சொல்லத் தெரியலம்மா."

அத்தை என்னைப் பார்த்தார். "பாத்தியா, அவருக்கே தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னுதான் அத்த அர்த்தம். கிரகணம்னு அர்த்தமில்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலிலிருந்து விசும்பல் கேட்டது. "அப்ப நான் இல்லியாக்கா?" என்றாள் அந்தப் பெண். "நீ இல்ல" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்பும் பேருந்தில் அத்தையிடம் சொன்னேன்: "நம்புறது ஒங்க இஷ்டம். ஆனா, ஒங்கம்மாதான் உன்ன இப்பிடி ஆக்குனான்னு ஒரு வார்த்த இவ காதுல வுழக்கூடாது."

அத்தை மாறவில்லை. ஆனால் அந்த வார்த்தையை இன்றுவரை சொன்னதில்லை. மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். உதட்டின் மேல் மெல்லிய தழும்பு. யாராவது கேட்டால், "வயித்துல ஒட்டல, டாக்டர் ஒட்டிட்டாங்க" என்கிறாள். ஏன் ஒட்டவில்லை என்று மேலே கேட்டால், "இன்னும் தெரியலயாம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறாள்.