ஆமாலே வாசலில் ஒரு மக்குத் தண்ணீர்

கடப்பாக்கத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் இமயமலையையே வழுக்கி விழவைத்தவள் லோகநாயகி. சரி, மலை என்பது கொஞ்சம் அதிகம்தான். விழுந்தது மலையடியில் குடியிருந்த அவளுடைய வீட்டுக்காரம்மா. சொம்பும் சொம்பில்லை, லே ஊர்க் கடைத்தெருவில் வாங்கிய நீல நிறப் பிளாஸ்டிக் மக்கு. மற்றபடி ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் லோகநாயகிக்குப் பதினான்கு வருஷ வேலை. அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். வேலை என்றால் வேறென்ன, மணலோடு மல்லுக்கட்டுவதுதான். கடலில் குளித்துவிட்டு வருகிற ஒவ்வொருவரும் பாதம் நிறையக் கடற்கரையை அப்பிக்கொண்டு வருவார்கள். அவள் கூட்டித் தள்ளிய மணலைக் கொட்டியிருந்தால் செங்கல்பட்டு ஏரி தூர்ந்திருக்கும்.

போன ஐப்பசியில் முதலாளி லடாக்கில், லே ஊரில், ஒரு ஹோட்டல் திறந்தார். குளிர்காலத்திலும் மூடாத ஹோட்டல். மூன்று மாதம் பார்ப்பது, சரிப்பட்டால் அவளே அங்கு ஹவுஸ்கீப்பிங் மேனேஜர் என்றார்கள். லோகநாயகி கேட்டது ஒரே கேள்வி.

"அங்க மணல் கீதா சார்?"

"மணல் ஏது? பனிதான்."

கையெழுத்துப் போட்டுவிட்டாள். துணி வெளுக்கும் பிரிவிலிருந்து, அதே கடப்பாக்கத்துப் பெண் ஜெனிட்டாவும் கூடக் கிளம்பினாள்.

ஹோட்டலில் பெண்கள் தங்க இடமில்லை. டோல்மா என்கிற அறுபது வயது அம்மாளின் வீட்டில் கீழே ஒரு அறை பிடித்துக் கொடுத்தார்கள். வயதான பெண்களை அங்கே ஆமாலே என்று கூப்பிடுகிறார்கள். இவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். குளிர்காலத்தில் அந்த ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், குழாயில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அடுப்பு மூட்டிய அறை கிடைத்ததே பெரிய காரியம். இதை விட்டால் வேறு அறை கிடையாது. அறை இல்லாவிட்டால் வேலையும் கிடையாது.

ஜெனிட்டா மூன்று கம்பளிக்குள் புகுந்து ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். லோகநாயகிக்கோ எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏன் சோப்பு மாதிரி ஆகிறது? ஈரத்துண்டைக் கொடியில் போட்டால் எத்தனை நிமிஷத்தில் அப்பளமாக விறைக்கும்? முதல் நாள் பதினெட்டு, மறுநாள் பதினொன்று. கடிகாரம் வைத்தே பார்த்தாள். மூக்கு முடி உறைவதைக்கூட விடவில்லை. சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டும் புருஷன் கார்த்தியைக் கூப்பிட்டு அதையும் சொன்னாள்.

"இன்னாடி, குளிர் தாங்க முடியுதா?"

"தாங்கறது கிடக்கட்டும். உனக்கு மூக்குக்குள்ள முடி எத்தினின்னு தெரியுமா? எனக்குத் தெரியும். ஒண்ணொண்ணா குத்துது."

"சரி, எண்ணி முடிச்சிட்டுக் கூப்புடு."

இப்படியே ஒரு மாதம் போனது. மார்கழி பிறந்தது. அதற்குமேல் அவள் கை சும்மா இருக்கவில்லை. கடப்பாக்கத்தில் மார்கழி ஒன்றாம் தேதி வாசல் தெளிக்காமல் அவள் இருந்ததே இல்லை. இருட்டு பிரிகிற நேரம், மக்கில் தண்ணீர் எடுத்து, வாசற்படி தொடங்கித் தெருக்கதவு வரை விசிறித் தெளித்தாள். கோலமாவை எடுக்க உள்ளே போனாள். டப்பா பெட்டியின் அடியில் இருந்தது. எடுத்து வருவதற்குள் வாசல் கண்ணாடியாகிவிட்டது. அந்தக் கண்ணாடியின் நடுவில் ஆமாலே உட்கார்ந்திருந்தார். மாட்டுக்கு வைக்கோல் போட வந்தவர், வைக்கோலோடு.

முழங்கை வீங்கிவிட்டது. மூன்று நாள் அவரால் கோயிலுக்கும் போக முடியவில்லை. அவர் கத்தவில்லை, அதுதான் லோகநாயகியைப் படுத்தியது. நான்காம் நாள், அவளுக்குப் புரிகிற இந்தியில், ஒன்றே ஒன்று கேட்டார்: "இங்கே தண்ணீரைச் சுமந்து வந்துதான் குடிக்கிறோம். அதை எடுத்து வாசலில் ஊற்றியிருக்கிறாயே, யாரை உள்ளே வரவிடாமல் செய்யப் பார்த்தாய்?"

லோகநாயகி திகைத்துப் போனாள். வருகிறவர்களுக்காகத்தானே தெளிப்பது! அதைச் சொல்ல, அவளுக்குத் தெரிந்த இந்தியில் அறைக்குத் துண்டு வேண்டுமா, படுக்கை விரிப்பு மாற்றவா என்பதற்குமேல் வார்த்தை இல்லை. "வெல்கம், ஆமாலே, வெல்கம்" என்று வாசலைக் காட்டிக் கும்பிட்டாள். ஆமாலே தன் முழங்கையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

ஹோட்டல் மேனேஜர் அன்று மாலையே சொல்லிவிட்டார்: "ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. போகச் சொன்னா, திங்கட்கிழமை உங்களுக்கு பிளைட்."

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? மாசியில் விடுப்புக்கு வந்தபோது, கடப்பாக்கத்தில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கார்த்தியிடமும் ஜெனிட்டாவிடமும் லோகநாயகி சொன்னது இது. வாசலில் பனிக்கட்டி அப்படியே இருந்தது. அவள் அடுப்புச் சாம்பலை முறம் நிறைய அள்ளிவந்தாள். அந்தப் பனிக்கட்டியின் மேலேயே பதினாறு புள்ளி வைத்து, நான்கு மூலைக்கும் நான்கு மயில் இழுத்தாள். சாம்பல் பட்ட இடம் வழுக்காது. ஆமாலே மயில் மயிலாகக் கால்வைத்துத் தெருக்கதவு வரை நடந்தார், திரும்பி வந்து அவள் கன்னத்தைக் கிள்ளி, "உன் தலை நரைக்கும் வரை இங்கேயே இரு" என்றார்.

கார்த்தி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஜெனிட்டா நெத்திலி வறுவலை மென்று முடித்தாள்.

"இன்னாக்கா, மயிலு எப்ப வந்துச்சு?" என்றாள். "சாம்பல் கொட்டுனதே ஆமாலேதான். பனிக்கட்டி மேல அங்க எல்லா வூட்லயும் கொட்டுவாங்க. ஒத்தக் கையால தட்டத்தத் தூக்கியாந்து ஒரே குமியாக் கொட்டிட்டு உள்ள போய்ட்டாங்க. குப்ப மாதிரி கிடந்தா உனக்குத்தான் ஆவாதே. பதினாலு வருசம் மணலு கூட்டுன கை. ஒக்காந்து வெரலால பரப்பிப் பரப்பி நாலே நாலு புள்ளி வெச்ச. அதுக்குள்ள குளுரு தாங்காம உள்ள ஓடியாந்துட்ட."

"அப்ப, இருன்னு சொன்னது?" என்று கார்த்தி கேட்டான்.

"யாரு சொன்னா? இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. அவங்க ஜன்னலாண்ட நின்னு அக்கா பண்றதயே பாத்துகினு இருந்தாங்க. மறுநாள் காத்தால சாம்பலக் கொட்டறப்ப அவங்களே அக்கா வெச்ச புள்ளி மாதிரி நாலு குமியா, சதுரமா, கொட்டி வெச்சாங்க. அக்கா பாக்கல. போர்த்திகினு தூங்கிகினு இருந்துச்சு."