வெள்ளைக் கையுறை

வேப்பெண்ணெய் நாற்றம் எனக்கு முன்னால் வகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். நான் அதற்குப் பின்னால்தான் போவேன். பதினோரு வயதில் என் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரைக்கும் கரப்பான் படர்ந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, விரல் மடிப்புகளில் வெடித்து நீர் கசிந்துகொண்டிருக்கும். கத்திரிக்காய், கருவாடு, நண்டு எல்லாம் "கரப்பான் பண்டம்" என்று எனக்கு மட்டும் விலக்கு. வீராம்பட்டினத்து அம்மனுக்கு அம்மா கொட்டிய உப்பையும் மிளகையும் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மளிகைக்கடையே போட்டிருக்கலாம். "பெரிய மனுஷியானா தானாப் பூடும்" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

வியாதியோடு எப்படியோ காலம் தள்ளியிருப்பேன். பள்ளிக்கூடத்துக் கைகுலுக்கலைத்தான் தாங்க முடியவில்லை. வெள்ளைக்காரன் புதுச்சேரியை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தும், மில்லில் வேலை பார்த்த அப்பா என்னைச் சேர்த்திருந்த பிரெஞ்சுப் பள்ளியில் பழைய வழக்கம் போகவில்லை. எங்கள் ஆசிரியை உள்ளூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்தான், ஆனால் "மதாம்" என்றுதான் கூப்பிட வேண்டும். காலையில் அவர் வகுப்பு வாசலில் நிற்க, வரிசையில் வரும் ஒவ்வொரு பிள்ளையும் "போன்ழூர் மதாம்" என்று சொல்லி வலது கையைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். எனக்குப் பின்னால் நிற்க ஒருத்தியும் சம்மதிக்கமாட்டாள். என் கையைத் தொட்ட கையைத்தானே அடுத்து அவள் தொட வேண்டும்? அதனால் எப்போதும் நான்தான் கடைசி. மதாம் முகம் சுளித்ததில்லை. விரல் நுனியை மட்டும் தொட்டு விட்டுவிடுவார். வீட்டுக்கு வெளியே என்னைத் தொடுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்த நேரத்துக்குப் பயந்துகொண்டும் இருந்தேன், காத்துக்கொண்டும் இருந்தேன்.

சோறு இறங்காமல் போயிற்று. நாளைக்கு விடியாமலே இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டு படுத்த நாட்கள் உண்டு. பிள்ளைகளுக்கும் மனசு நோகும் என்ற பேச்சே அந்தக் காலத்தில் கிடையாது. நொந்தால் "மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத" என்பதுதான் வைத்தியம்.

அம்மாவுக்கு மட்டும் ஏதோ புரிந்திருக்கிறது. மாதா கோயில் பக்கம் போனவள், முதல்முறையாக நற்கருணை, அவர்கள் பேச்சில் புது நன்மை, வாங்கப்போகும் பெண் பிள்ளைகள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறாள். அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்திருந்த துண்டுத் துணியில் இரண்டு நாள் உட்கார்ந்து எனக்கும் ஒரு ஜோடியைக் கையாலேயே தைத்துவிட்டாள். ஒரு கட்டைவிரல் பெரிதாகவும் இன்னொன்று சின்னதாகவும் வந்திருந்தது. "தொரசானிங்க போட்டுக்கல? யாரு ஒன்னக் கேக்கப் போறாங்க? தைரியமாக் கையக் குடு" என்றாள். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. மறுநாள் காலை கையுறையோடு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

மதாம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "கையுறையோட பெரியவங்களுக்குக் கை குடுக்கக் கூடாது, பொண்ணு. அது மரியாத இல்ல. கழட்டு" என்றார். அது யாருடைய கை என்பதை மறந்து, தான் படித்த மரியாதையைச் சொன்னார், அவ்வளவுதான். கழற்றினேன். வெடிப்புகளில் ஒட்டிக் காய்ந்திருந்த துணி தோலையும் உரித்துக்கொண்டு வந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் வரிசை நாலடி பின்னால் போயிற்று. மதாமுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து என் காதருகில், "நாளையிலேர்ந்து நீ கை குடுக்க வேணாம். போன்ழூர் மட்டும் சொல்லிட்டுப் போ, போதும்" என்றார்.

இரக்கப்பட்டுச் சொன்னதுதான். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் இருந்த மூன்று வருஷமும் என்னை ஒருவர்கூடத் தொடவில்லை. வீட்டில், "மதாம் நல்லாருக்குன்னாங்க" என்று பொய் சொன்னேன். கையுறையைத் துவைத்தபோது அம்மா கறையைப் பார்த்திருப்பாள், அவளும் கேட்கவில்லை. தாவணி போட ஆரம்பித்த நாளிலிருந்து என் வலது கை முந்தானைக்குள்ளேயே குடியிருந்தது.

எத்தனையோ வருஷம் கழித்து, அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது என் கையைத் தேடித் துழாவினாள். பழக்க தோஷம், முந்தானையோடு சேர்த்தே கையைக் கொடுத்தேன். "துணிய எடுடி" என்றாள். "இருக்கட்டும்மா, கை நல்லால்ல" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை, துணியையே பிடித்துக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் போய்விட்டாள்.

இப்போது அந்தப் பள்ளியில் யாரும் வாசலில் நின்று கை கொடுப்பதில்லை. அந்த மில்லும் இல்லை. மருந்துக்கடையில் வாங்கும் ஒரு டியூப் களிம்பில் கரப்பான் அடங்கிக் கிடக்கிறது. கத்திரிக்காய், கருவாடு எல்லாம் சாப்பிடுகிறேன், பழைய ஆசைதான் இல்லை. கையில் ஒரு வெடிப்புகூடக் கிடையாது. ஆனாலும் யாராவது கையை நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அம்மா கேட்ட அன்றைக்கு அந்தத் துணியை எடுத்திருக்கலாம்.