ஒரு கட்டை இறங்கிய இசைத்தட்டு

நேற்று சாயங்காலம் பேத்தி கைபேசியில் ஏதோ வயலின் கச்சேரி போட்டாள். ஐரோப்பாவின் பரோக் காலத்து கான்செர்ட்டோவாம். கல்யாண ஊர்வலம் மாதிரி துள்ளிக்கொண்டு ஓடியது. நான் அசதியில் கண்ணை மூடிக் கிடந்தேன். ஒற்றை வயலின் பேச, மற்றதெல்லாம் கூடிப் பதில் சொல்லும் இடம் வந்ததும் வலது தோள் விண்ணென்று வலித்தது. அட, இது நம்ம தட்டாயிற்றே!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அந்தத் தோளுக்கு ஓய்வே கிடையாது. பகலெல்லாம் துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் இழுத்துக் கப்பல் சரக்கு இறக்குவேன். ராயபுரம் வீட்டுக்கு வந்தால் சோறு பிசையக்கூடக் கை வராது. அந்தக் கையால்தான் கிராமபோனுக்கும் சாவி கொடுக்க வேண்டும். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விட்டுப்போன பெட்டி அது. திறந்தால் மெஷின் எண்ணெய் வாடை அடிக்கும். உள்ளே கீறலில்லாத தட்டு ஒன்றே ஒன்று. ஸ்பிரிங் தளர்ந்து, பாதியிலேயே முனகிக்கொண்டு நின்றுவிடும். எழுந்து மறுபடி சாவி கொடுக்கச் சோம்பல்பட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முள்ளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டேன். அதன்பிறகு பாட்டு மெதுவாகி, சுருதியும் இறங்கி, ஒரே சாவியில் கடைசிவரை சீராக ஓடியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சூசைக்கு அது தெரியாது. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்த என் தோஸ்து அவன். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் வயலின் வாசிப்பான். சாயங்காலம் வந்தால் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பெட்டி பக்கம் உட்காருவான்.

“இன்னா சோகம் பாரு மாமு. கப்பலேறிப் போனவன நெனச்சு கரைல நின்னுகினு அழற மாதிரி கீது.”

இசை நோட்டுப் படிக்க வராதவன், கேட்டுக் கேட்டே மூன்று மாதத்தில் முழுசும் விரலில் ஏற்றிவிட்டான். மவுண்ட் ரோடு கிளப் ஒன்றின் வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள்.

“கெடச்சுட்ச்சுன்னா இந்தக் கரிய வுட்டுடுவேன். வெரலு காய்ச்சுப் போய்கினே கீது மாமு. இன்னும் கொஞ்ச நாள்ல தந்தியே தெரியாது.”

போனான். தட்டின் பெயரைச் சொன்னதும் அங்கிருந்த பியானோக்காரர் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டாராம். அதன் அசல் வேகத்தில், இவன் பழகியதைவிட ஒரு கட்டை மேலே. சூசை நிதானமாக, சோகமாக இரண்டு வரி இழுத்தான். யாரோ சிரித்தார்கள். வில்லை இறக்கிவிட்டான்.

மறுநாள் வந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவுங்க வாசிச்சது வேற இன்னாவோ. ஏன் மாமு, நம்ம மிஷினு சரியாத்தான் ஓடுதா?”

“ஓடாம இன்னா?” என்றேன்.

அவ்வளவுதான். அவன் கரிக்கே திரும்பினான். விரல்கள் அவன் பயந்தபடியே மரத்துப்போயின. வயலினை மாதாகோயிலிலேயே கொடுத்துவிட்டான். என்மேல் கடைசிவரை சந்தேகப்பட்டதே இல்லை.

பெட்டி போய்விட்டது, தட்டு போய்விட்டது, சூசையும் போய்ச் சேர்ந்துவிட்டான். “கொஞ்சம் மெதுவா ஓடவிடேன்மா” என்று பேத்தியிடம் கேட்டேன். எதையோ தட்டினாள். வேகம் குறைந்தது, சுருதி இறங்கவில்லை.

“இதுல ஸ்பீடு கொறச்சாலும் சுருதி மாறாது தாத்தா” என்றாள் பெருமையாக.

சூசை கண்கலங்கிக் கேட்ட பாட்டை இனி எங்கேயும் போட முடியாது. மிஷின் சரியாக ஓடவில்லையடா என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இருக்கிறது. கேட்கத்தான் அவன் இல்லை.